சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை
ஊர் மாறும் முடிவில் தட்பவெப்பத்துக்கு எவ்வளவு இடம்?

கத்திரி வெயில் தொடங்கியதும் சென்னையின் நடுத்தர வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும்: பேசாமல் கோயம்புத்தூர் போய்விட்டால் என்ன? முன்பெல்லாம் இது பணி ஓய்வை நெருங்கியவர்களின் பேச்சு. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கலாம் என்று ஆன பிறகு நாற்பது வயதுக்காரர்களும் இதில் சேர்ந்துகொண்டார்கள். கோவை, ஓசூர், பெங்களூரு, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று பட்டியல் நீள்கிறது. கைப்பேசியில் ஒவ்வோர் ஊரின் சராசரி வெப்பநிலையையும் பார்க்கிறார்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு என்ன வாடகை என்று விசாரிக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே குடியேறிய ஒருவர் "ஃபேன்கூடத் தேவையில்லை" என்கிறார். முடிவு ஏறக்குறைய ஆகிவிடுகிறது.

இப்படி முடிவெடுப்பவர்கள் தட்பவெப்பத்தை ஒரே சமயத்தில் கூட்டியும் குறைத்தும் மதிப்பிடுகிறார்கள் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். இதமான வானிலை தரப்போகும் மகிழ்ச்சியை மிகையாக எண்ணுகிறார்கள். ஆண்டின் மிக மோசமான சில வாரங்கள் தரக்கூடிய ஆபத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் சராசரியை மட்டும் பார்க்கும் பழக்கம்தான்.

மலையேறிய அரசாங்கம்

குளிர்ச்சிக்காக ஊர் மாறுவது புதிய வழக்கமில்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் உதகையில் தன் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராஸ் மாகாண அரசே கோடை தோறும் கோப்புகளோடு மலையேறியது. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1845 முதல் வீடு கட்டினார்கள். சமவெளியின் காய்ச்சல்களில் குடும்பத்தைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் அவர்களை அங்கே அனுப்பியது. பெங்களூருக்கு 'ஓய்வூதியர்களின் சொர்க்கம்' என்ற பெயர் வந்ததும் இதே வழியில்தான்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. வருமானம் அவர்களோடு பயணம் செய்தது. கலெக்டரின் சம்பளம், மிஷனரியின் படி, ஓய்வுபெற்றவரின் பென்ஷன் எல்லாம் அவர்கள் எங்கே உட்கார்ந்தாலும் வந்து சேர்ந்தன. வயலோடும் தறியோடும் கடையோடும் பிழைப்பு கட்டப்பட்டவர்களுக்கு வானிலையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்ததில்லை, இன்றும் இல்லை. மடிக்கணினியோடு வருமானம் கூடவே வரும் ஒரு வகுப்பு இப்போது பெருகியிருப்பதால்தான் இந்தப் பழைய சலுகை புதிய கேள்வியாகத் திரும்பியிருக்கிறது.

புவியியலாளர் எட்வர்ட் உல்மன் 1954இலேயே அமெரிக்காவில் இதைக் கவனித்தார். தொழிற்சாலையும் துறைமுகமும் இருக்கும் இடத்துக்கு மக்கள் போவது மாறி, மக்கள் விரும்பும் தட்பவெப்பம் உள்ள இடத்துக்குத் தொழில் போகத் தொடங்கிவிட்டது என்றார். 1982இல் ஜெனிஃபர் ரோபாக் என்ற பொருளியலாளர் இதற்கு ஒரு கணக்கு வடிவம் கொடுத்தார். நல்ல வானிலை இலவசம் இல்லை. எல்லோரும் விரும்பும் ஊரில் வாடகை ஏறும், அங்கே வேலை செய்யக் குறைந்த சம்பளத்துக்கும் ஆள் கிடைப்பார்கள். வானிலையின் விலை இந்த இரண்டு வழியாகவும் நம் பையிலிருந்து போய்விடும். நம் ஊர் நிலவரமும் இதைத்தான் காட்டுகிறது. பெங்களூரு வீட்டு வாடகையில் ஒரு பகுதி வேலைவாய்ப்புக்கான விலை, இன்னொரு பகுதி ஏப்ரல் இரவில் போர்வை தேடும் சுகத்துக்கான விலை.

கலிஃபோர்னியா மயக்கம்

அந்த விலைக்கு ஏற்ற மகிழ்ச்சி கிடைக்கிறதா? உளவியலாளர்கள் டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேராகவே கேட்டது. கடுங்குளிர் வாட்டும் அமெரிக்க மத்திய மேற்குப் பகுதி மாணவர்களிடமும், வெயிலும் கடற்காற்றுமாக இருக்கும் தெற்குக் கலிஃபோர்னியா மாணவர்களிடமும் உங்கள் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவைச் சொன்னது. உங்களைப் போன்ற ஒருவர் அந்த இன்னோர் இடத்தில் எப்படி இருப்பார் என்று கேட்டபோது, கலிஃபோர்னியாக்காரர்தான் அதிக மகிழ்ச்சியோடு இருப்பார் என்று இரு தரப்புமே சொன்னது.

இரண்டு ஊர்களை ஒப்பிட உட்காரும்போது எது பளிச்சென்று வேறுபடுகிறதோ அதன்மேல்தான் கண் போகிறது. வானிலை அப்படிப் பளிச்சென்று தெரிவது. ஆனால் குடியேறிய பிறகு நம் நாளை நிரப்புபவை வேறு: அலுவலகப் பயணம், பிள்ளையின் பள்ளி, வேலைக்கு வருபவர் வந்தாரா, தண்ணீர் ஏறியதா, மாலையில் பேச ஆள் உண்டா. வந்த புதிதில் ஒவ்வொரு காலையும் கவனிக்கப்படும் குளிர்காற்று சில மாதங்களில் கவனத்திலிருந்தே நழுவிவிடும். போக்குவரத்து நெரிசல் அப்படி நழுவுவதில்லை. புரூனோ ஃப்ரேயும் அலாய்ஸ் ஸ்டட்ஸரும் ஜெர்மானியக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வில், நெடுநேரம் பயணம் செய்து வேலைக்குப் போகிறவர்களுக்குக் கூடுதல் சம்பளமோ மலிவான வீடோ அந்த இழப்பை ஈடுகட்டவில்லை என்று தெரியவந்தது.

இதிலிருந்து வானிலை ஒரு பொருட்டே இல்லை என்று முடிவு கட்டினால் அது வேறொரு தவறு. அந்த மாணவர்கள் இளைஞர்கள். கதகதப்பூட்டப்பட்ட கட்டடங்களில் இருந்தவர்கள். அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டபோது, அந்த மாதம் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்ட மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. அதன் விளைவாகத்தான் 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் அந்நகரில் உருவானது. 2003ஆம் ஆண்டு பிரான்ஸைத் தாக்கிய வெப்ப அலையில் கூடுதலாக இறந்த சுமார் 15,000 பேரில் பெரும்பாலோர் முதியவர்கள். இதம் என்ற அளவில் வானிலையின் எடை குறைவு. ஆபத்து என்ற அளவில் அதன் எடை மிக அதிகம், அதுவும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை.

வெப்பமானி காட்டாதவை

ஆபத்தை அளக்கவும் சராசரி வெப்பநிலை உதவாது. முதல் குறை, அதில் ஈரப்பதம் இல்லை. அமெரிக்க வானிலைத் துறையின் வெப்பக் குறியீட்டு அட்டவணைப்படி, 32 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால் உடல் உணர்வது சுமார் 33 டிகிரி. அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் ஆனால் உடல் உணர்வது சுமார் 41. வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும்; காற்று ஏற்கெனவே நனைந்திருந்தால் வேர்வை வழியுமே தவிர ஆவியாகாது. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் 'ஈரக்குமிழ் வெப்பநிலை' 35 டிகிரியை எட்டினால் மனித உடல் தாங்காது என்று 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரு அறிவியலாளர்கள் கணித்தார்கள். 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளில், ஆரோக்கியமான இளைஞர்களுக்கே அந்த எல்லை 31 டிகிரியை ஒட்டி வந்துவிடுவது தெரிந்தது. முதியவர்களுக்கு அதைவிடவும் கீழே என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை, பகலையும் இரவையும் கலந்துவிடுவது. மே மாதச் சென்னையில் விடியற்காலைக்கும் வெப்பம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பெங்களூரில் அதே நேரத்தில் 21, 22. பகலில் பட்ட சூட்டிலிருந்து உடம்பு மீள்வது இரவில்தான். மொட்டை மாடிக்குக் கீழேயுள்ள கடைசித் தளத்தில் நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு தாண்டியும் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். மேற்குச் சுவர் முழுக்க வெயில் வாங்கும் கோவை மாடி வீட்டைவிட, கிழக்குப் பார்த்த முதல் தளத்துச் சென்னை வீடு இரவுத் தூக்கத்துக்கு மேலாக இருந்துவிடவும் கூடும்.

மூன்றாவது குறை, ஒரே ஊருக்குள் இருக்கும் வேறுபாடு. சென்னையின் மே மாதப் பகல் ஒரு பந்தயம். காலையில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசும். தரை சூடேறச் சூடேற, கடல்காற்று உள்ளே வரப் பார்க்கும். நண்பகலுக்குள் நுழைந்துவிட்டால் வெப்பம் 37ஐ ஒட்டி நின்றுவிடும். மேற்குக் காற்று வலுத்து அதை மூன்று மணிவரை தடுத்தால் 40ஐத் தாண்டும். நகரில் பதிவான உச்சம் 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் கண்ட 45 டிகிரி. கடல்காற்று முதலில் தொடுவது பெசன்ட் நகரை, கடைசியில் எட்டுவது அம்பத்தூரையும் பூந்தமல்லியையும். வானிலைத் துறை நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு அளவுகளைத் தனித்தனியாகச் சொல்வது சும்மா இல்லை.

கோவையின் கதை உயரத்தாலும் ஒரு கணவாயாலும் எழுதப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருக்கு இதனால் பெரிய லாபம். ஓசூருக்கும் ஏறக்குறைய அதே லாபம். 411 மீட்டரில் இருக்கும் கோவைக்கு உயரத்தால் கிடைப்பது மூன்று டிகிரிக்கும் குறைவு. மீதியைத் தருவது மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே மேகத்தோடு பாய்கிறது. மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புகிறது. ஊர் மழை மறைவில் இருப்பதால் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர்தான், சென்னையின் 1,400இல் பாதி. ஜூலையில் ஒரு வேலையாகப் போய், அந்தக் காற்றில் மயங்கி, மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கோவையின் ஏப்ரலைப் பார்த்திருக்க மாட்டார்கள். காற்று திறப்பதற்கு முந்தைய அந்த மாதத்தில் பகல் வெப்பம் 36 டிகிரிவரை போவது சாதாரணம்.

தண்ணீரும் தட்பவெப்பமே

ஊர் ஒப்பீடுகளில் வெப்பம் ஒரு பத்தியிலும் தண்ணீர் வேறொரு பத்தியிலும் இருக்கும். உண்மையில் மழையும் நிலமும் சேர்ந்து முடிவு செய்யும் ஒரே விஷயத்தின் இரு முகங்கள் அவை. சென்னை நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு முகத்தையும் பார்த்தது. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு அது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சென்னைக்குப் போதுமான மழை பெய்திருக்கும். மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள் வறட்சியின் கூர்மையைக் குறைத்திருக்கின்றன. வெள்ளத்துக்கு அப்படி ஆலை எதுவும் இல்லை. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தரைத்தளம் வாங்குவதும், நகரின் மேடான பகுதியில் வாங்குவதும் ஒரே ஊரில் வாங்குவது ஆகாது.

பெங்களூரு சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்குக் காவிரியை ஏற்றிக் குடிக்கிறது. எந்த உயரம் குளிர்ச்சியைத் தருகிறதோ அதே உயரம்தான் தண்ணீரையும் தூரமாக்குகிறது. 2007இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமப் பகுதிகள் நெடுங்காலம் போர்வெல்லையும் லாரியையும் நம்பியிருந்தன. 2024 மார்ச்சில் அந்தப் போர்வெல்கள் வற்றியபோது கோடிக்கணக்கில் விலைபோன அடுக்ககங்களில் குளிக்கத் தண்ணீர் அளந்து கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் அப்பகுதிகளுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

கோவையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் சமையலறையில் இரண்டு குழாய்களைக் காட்டுவார்கள். ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. நல்ல தண்ணி சிறுவாணியா, பில்லூரா, ஆழியாறா என்பது பகுதியைப் பொறுத்தது. சிறுவாணியின் ருசியைப் பற்றி ஊர்க்காரர்கள் ஓய்வில்லாமல் பேசுவார்கள். உப்புத் தண்ணி போர்வெல்லிலிருந்து வருவது. அதில் துவரம்பருப்பு வேகாது, கீசர் கம்பியில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகையைப் பற்றியதல்ல; "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவைங்க வருது?" என்பதுதான். சிறுவாணி அணை கேரளத்தில் இருக்கிறது, தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் நீர்மட்டம் சரியும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இந்த ஒரு தேர்வில் திருநெல்வேலி மற்ற ஊர்களை முந்துகிறது. இரண்டு பருவமழையும் தொடும் பொதிகை மலையிலிருந்து வரும் தாமிரபரணி வற்றாத ஆறு. ஆனால் அவ்வூரின் கோடை சென்னையைவிடக் குறைந்ததல்ல. இரண்டு மழையும் பெறும் நாகர்கோவிலில் வெப்பத்தின் ஏற்ற இறக்கம் குறைவு. வெப்பம், மழை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் சமவெளியில் மிகச் சமச்சீரான ஊர் அதுதான். அங்கே குறைவது வேலைவாய்ப்பு.

வந்தவர்கள் மாற்றிய ஊர்

வானிலைக்காக ஊர் தேடுகிறவர்கள் அடிக்கடி மறப்பது ஒன்று உண்டு: தேடி வருபவர்களின் எண்ணிக்கையே அந்த வானிலையை மாற்றிவிடும். பெங்களூரு பெருநகரத்தின் மக்கள்தொகை 2001இல் 57 லட்சம், 2011இல் 85 லட்சம். இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திராவும் குழுவினரும் 1973 முதலான செயற்கைக்கோள் படங்களை வைத்து, கட்டடப் பரப்பு பல மடங்கு பெருகியதையும் மரங்களும் ஏரிகளும் சுருங்கியதையும் பதிவு செய்திருக்கிறார்கள். 2016 ஏப்ரலில் அங்கே வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது. குழந்தை நல மருத்துவர் எச். பரமேஷ் தன் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளிடையே நடத்திய ஆய்வில், ஆஸ்துமா 1979இல் 9 சதவீதமாக இருந்தது 1999இல் 29.5 சதவீதமாக ஏறியிருந்தது. நல்ல காற்றுக்குப் பெயர்போன ஊர் அது.

தரவரிசைப் பட்டியல்களை இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒன்றிய அரசு 2021 மார்ச்சில் வெளியிட்ட 'எளிய வாழ்க்கைக் குறியீட்டில்' பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் பெங்களூருக்கு முதலிடம், சென்னைக்கு நான்காமிடம், கோவைக்கு ஏழாமிடம். 2019ஆம் ஆண்டுக்கான டாம்டாம் போக்குவரத்துக் குறியீட்டில் உலகிலேயே மிக நெரிசலான நகரம் என்று முதலிடம் பிடித்ததும் அதே பெங்களூருதான். இரண்டும் பொய்யில்லை. ஒன்று ஊரை அளக்கிறது, மற்றது அங்கே குடியிருப்பவரின் நாளை அளக்கிறது.

கோவையிலும் இதன் தொடக்கம் தெரிகிறது. 1888இல் தொடங்கிய பஞ்சாலைத் தொழில், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் வேகமெடுத்து, மோட்டார் பம்பும் வெட் கிரைண்டருமாகக் கிளைத்த ஊர் இது. ஆலைத் தொழிலாளிக்கும் பட்டறை முதலாளிக்கும் அளவெடுத்துத் தைத்த சாலைகளில் இன்று சரவணம்பட்டியின் மென்பொருள் நிறுவனங்களுக்கான கார்கள் ஓடுகின்றன. மலைக்காற்றுக்கு ஆசைப்பட்டுத் தொண்டாமுத்தூர், மருதமலைப் பக்கம் மனை தேடுகிறவர்கள் இரண்டை விசாரிக்க வேண்டும்: அந்த இடம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறதா, யானைகள் வந்துபோகும் வழியா.

யாருக்கு எந்த ஊர்

ஆகவே கணக்கை இரண்டாகப் பிரித்துப் போடுவது நல்லது. முதல் கணக்கு மோசமான மாதத்துக்கானது. அதில் வீட்டின் மிகப் பலவீனமான உடம்பே அளவுகோல்: மூச்சிரைப்புள்ள தந்தை, சிறுநீரகத் தொல்லையுள்ள தாய், கைக்குழந்தை. சென்னையை மே மாத இரவிலும் நவம்பர் மழையிலும், கோவையையும் பெங்களூரையும் ஏப்ரலிலும் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் விடுதியில் தங்கினால் ஒன்றும் தெரியாது. குடியேற நினைக்கும் பகுதியில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்தால் தெரியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு, நள்ளிரவில் மாரடைப்பு வந்தால் எத்தனை நிமிடத்தில் மருத்துவமனை என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாத ஊரை இந்தக் கட்டத்திலேயே கழித்துவிடலாம்.

இரண்டாவது கணக்கு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கானது. முதல் கணக்கில் தேறிய ஊர்களுக்கிடையே இரண்டு டிகிரி வேறுபாட்டை இனி மறந்துவிடலாம். கணவரின் வேலை கூடவே வரும். மனைவியின் வேலை வருமா? பெரும்பாலான வீடுகளில் ஊர் மாற்றத்தின் விலையைத் தன் வேலையை விட்டுக் கட்டுபவர் மனைவிதான், பட்டியலில் அது வாடகைக்குக் கீழேகூட எழுதப்படுவதில்லை. வீட்டிலிருந்து வேலை என்ற ஏற்பாட்டை நிறுவனம் திரும்பப் பெற்றால் அந்த ஊரிலேயே வேறு வேலை கிடைக்குமா? பிள்ளைக்குப் புதிய மொழி சுமையாகுமா? முதியவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் பேச்சுத் துணை கிடைக்குமா?

இப்படிப் போட்டால் விடை ஆளுக்கு ஆள் மாறும். மென்பொருள் துறையில் இருவரும் வேலை பார்க்கும் இளம் தம்பதிக்கு, அலுவலகத்துக்கு அருகே வீடு கிடைக்குமானால் பெங்களூரு சரி. கிடைக்காவிட்டால் அதன் வானிலையைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமே இருந்து அதே உயரத்தை அனுபவிக்க நினைப்பவர்களுக்கு ஓசூர் உண்டு, வேலை அங்கேயே உள்ள ஆலைகளில் இருந்தால். மருத்துவமனையும் தமிழும் மிதமான இரவும் வேண்டும் ஓய்வுபெற்றவர்களுக்குக் கோவை பொருந்தும், நல்ல தண்ணி ஒழுங்காக வரும் தெருவில். முப்பது ஆண்டுகளாகப் பழகிய டாக்டர், நடந்துபோகும் தூரத்தில் உறவினர், மேட்டுப் பகுதியில் சொந்த வீடு என்று சென்னையில் வாழும் எழுபது வயதுக்காரர், வெயிலுக்குப் பயந்து இவை எல்லாவற்றையும் விட்டுப் போவது பெரும்பாலும் நஷ்டம். அவர் மாற்ற வேண்டியது மொட்டை மாடிக்கு ஒரு வெள்ளைப் பூச்சும் படுக்கையறைக்கு ஓர் ஏசியும்தான். வீடு காலி செய்யும் செலவில் அது மிகச் சிறிய பங்கு.